எண்பது மீட்டர் கறுப்புத் துணி

நவம்பர் 3

மொட்டு இல்லை.

நவம்பர் 4

நேற்று எழுதியது போதாது. பிற்பாடு யாராவது இந்த டைரியைப் புரட்டினால் எந்த மொட்டு, யாருடைய மொட்டு என்று கேட்பார்கள். எழுதுவது சென்னியப்பன், நகராட்சிப் பூங்கா மேற்பார்வையாளர். பணி முப்பத்துமூன்று வருடம். ஜனவரி 31 அன்று ஓய்வு.

ஜனவரி 26 கொடியேற்றம் இந்த முறை நம் பூங்காவில். நுழைவாயிலுக்கு எதிரே நாற்பதடிக்குப் பத்தடியில் ஒரு பாத்தி, அதில் நானூறு செவ்வந்தி. மஞ்சள் ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை, அரக்கு ஒரு பட்டை. ஆகஸ்டில் நாற்றுத் தட்டுகளின் அட்டையைப் பார்த்து நானே பிரித்து நட்டேன். தோட்டப் பணியாளர் மயிலாத்தாள் உதவிக்கு வந்தாள். தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த மாதிரி விஷயத்தை இன்னொருவர் கையில் விடக் கூடாது.

அதே நாளில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நட்ட மீதி நாற்றெல்லாம் மொட்டு விட்டுவிட்டது. இந்தப் பாத்தி மட்டும் இலை இலையாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. உரம் சரி. தண்ணீர் சரி. மயிலாத்தாள், "கண்ணு பட்டுருச்சுங்கய்யா" என்று ஒரு பூசணிக்காயில் முகம் வரைந்து நடுவில் வைத்திருக்கிறாள். அகற்றச் சொல்லவில்லை. தீங்கு எதுவும் செய்யாது.

போகும் முன் அந்தப் பாத்தி பூத்து நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

நவம்பர் 5

உரக்கடைக்காரர் இந்த வருடம் கொடுத்த டைரியில் கோடுகள் மிகவும் மங்கலாக அச்சாகியிருக்கின்றன. வர வர மோசமாகிறது. கடைக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன்.

நவம்பர் 6

செப்டம்பரில் பூங்கா நடுவே நட்ட உயர்கோபுர விளக்கில் குறை. எரியும்போது சுற்றிலும் ஒரு வளையம் தெரிகிறது. கண்ணாடியில் ஈரம் இறங்கியிருக்க வேண்டும். மின் பணியாளர் ரஹமத்துல்லாவை அழைத்து விளக்கைக் கீழே இறக்கித் துடைக்கச் சொன்னேன்.

"கண்ணாடி பளிச்சுன்னுதான் சார் இருக்கு" என்றார்.

மேலே ஏற்றி எரியவிட்டோம். வளையம் அப்படியே இருந்தது. தரமில்லாத விளக்கு.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். என் மொபெட்டின் முகப்பு விளக்கும் போதவில்லை. இந்தக் காலத்தில் எந்த விளக்கையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

நவம்பர் 7

என் மனைவி தனபாக்கியத்தின் முழங்காலில் சிராய்ப்பு. குளியலறையில் வழுக்கிவிட்டதாம். பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் தரையைத் தேய்த்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "போதுமுங்க, பாவம் அந்தத் தரை" என்றாள்.

நவம்பர் 9

காரணம் தெரிந்துவிட்டது.

பாத்தியின் ஓரத்தில் "பூக்களைப் பறிக்காதீர்" என்ற பலகை இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஒன்பது செடிகளில் மட்டும் மொட்டு. ஒன்றிரண்டு விரியவும் தொடங்கிவிட்டன. முதலில் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருப்பதாக நினைத்தேன். மயிலாத்தாள்தான் கிட்டே கூட்டிப்போய்க் காட்டினாள். மாலையில் விளக்கு எரிந்ததும் பார்த்தேன். பலகையின் நிழல் சரியாக அந்த ஒன்பது செடிகளின் மேல் விழுகிறது.

செவ்வந்தி பகலை எண்ணாது, இரவைத்தான் எண்ணும். நீளமான இருட்டு தொடர்ந்து பல நாள் கிடைத்தால்தான் பூக்கும் காலம் வந்துவிட்டது என்று நம்பும். இடையில் வெளிச்சம் பட்டால் இன்னும் கோடைதான் என்று இலை விட்டுக்கொண்டே இருக்கும். பூவைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் விவசாயிகளே தோட்டத்தில் பல்பு கட்டித் தொங்கவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்ததை நினைத்துப் பார்க்க ஒன்பது வாரம் ஆகியிருக்கிறது.

பெட்டூனியா இதற்கு நேர் எதிர். வெளிச்சம் நீள நீளச் சீக்கிரம் பூக்கும். விளக்கடியில் இருக்கும் பெட்டூனியா பாத்தி இந்த வருடம் முன்கூட்டியே பூத்துவிட்டது. அதற்கு யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை.

நவம்பர் 10

ஆணையர் அம்மாவைப் பார்த்து, ஜனவரி வரை விளக்கை எரிய விடக் கூடாது என்று மனு கொடுத்தேன். உடனே ஒப்புக்கொண்டார். அலுவலகத்தில் என் மனு ஒன்று அன்றைக்கே கையெழுத்தானது முப்பத்துமூன்று வருடத்தில் இது முதல் முறை. இன்று மாலை முதல் பூங்கா இருட்டு.

நவம்பர் 12

மயிலாத்தாள் இரண்டு நாளாகப் பேசவில்லை. கேட்டதற்கு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த லைட்டு வெளிச்சத்துல அஞ்சு பொம்பளைங்க தெனமும் வண்டி பழகீட்டு இருந்தாங்க. நான்தான் சொல்லிக் குடுக்கறேன். இப்ப எல்லாமே நின்னு போச்சு."

பகலில் பழகலாமே என்றேன்.

"பகல்ல பழகுனா ஊரே நின்னு வேடிக்கை பாக்குமுங்க. அம்பது வயசுல உளுந்து எந்திரிக்கறதை ஆருக்காச்சும் காட்டோணுமா?"

ஐம்பது வயதில் வண்டி எதற்கு என்று கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்றாள். நானூறு செடிக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்றேன். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 15

தனபாக்கியம் ஒரு மாதமாகத் தினமும் மாலையில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவளுக்கு இவ்வளவு பக்தி இருந்து நான் பார்த்ததில்லை. இந்த வாரம் போகவில்லை. சாமி மேல் கோபமா என்று கேட்டேன்.

"சாமி மேல இல்லைங்க" என்றாள்.

நவம்பர் 17

மாலை ஆறே முக்காலுக்குப் பாத்தியைப் பார்வையிடப் போனேன். கால் இடறி விழுந்தேன். தரை சமமாக இல்லை.

முழுவதையும் எழுதிவிடுகிறேன். விழுந்த பிறகு எந்தப் பக்கம் வாசல் என்று தெரியவில்லை. முப்பத்துமூன்று வருடமாக நடந்த இடம். சாலை விளக்குகள் எரிந்தன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பெரிய வளையமாக இருந்ததே தவிர வழி தெரியவில்லை. பெட்டூனியா பாத்தியில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. மயிலாத்தாள் வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டு வந்து, கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிவந்தாள்.

"கண்ணை ஆஸ்பத்திரியில காட்டுங்கய்யா."

"தரை சமமில்லை."

"அது நீங்க போட்ட தரைங்கய்யா" என்றாள்.

நவம்பர் 18

இருட்டினால் பொதுமக்களுக்கு ஆபத்து இருப்பதால் விளக்கை மீண்டும் எரிய விட வேண்டும் என்று மனு கொடுத்தேன். ஆணையர் அம்மா இரண்டு மனுக்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் என் கையெழுத்துதான். எந்தப் பொதுமக்கள் விழுந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

விளக்கு எரியும். ஆனால் செடிக்கு இருட்டு வேண்டும். இருட்டை மேலிருந்து போர்த்த வேண்டியதுதான்.

நவம்பர் 19

கடைவீதித் தையல்காரர் ஒருவரிடம் எண்பது மீட்டர் கறுப்புத் துணி கிடைத்தது. ஒரு கட்சிக்காரர்கள் கறுப்புக்கொடி ஆர்ப்பாட்டத்துக்கு வெட்டச் சொன்னார்களாம். வெட்டும் முன்பே ஆர்ப்பாட்டம் ரத்தாகிவிட்டதாம். "எடுத்துட்டுப் போங்க, கடையில இதை வெச்சிருந்தாலே வர்றவன் எந்தக் கட்சின்னு கேக்கறான்" என்றார். நல்ல கெட்டித் துணி. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. மயிலாத்தாளிடம் கொடுத்தும் உறுதி செய்துகொண்டேன்.

நவம்பர் 20

நாற்பது மூங்கில் குச்சி நட்டு மேலே துணி போர்த்தினோம். மாலை ஐந்துக்கு மூட வேண்டும், காலை ஏழுக்குத் திறக்க வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது. தவறினால் செடி குழம்பிவிடும்.

எண்பது மீட்டர் துணியை இரண்டு பேர் இழுக்க முடியாது. மயிலாத்தாள் ஒரு ஏற்பாடு சொன்னாள். வண்டி பழகுகிற பெண்கள் ஐந்து மணிக்கே வந்து துணியை மூடிவிட்டுப் பிறகு பழகுவார்கள். விளக்கு அவர்களுக்கு, இருட்டு எனக்கு. ஒப்புக்கொண்டேன்.

தனபாக்கியத்துக்குப் பக்தி திரும்பிவிட்டது. மாலையில் கோயிலுக்குக் கிளம்பினாள்.

டிசம்பர் 1

மூடியது 5.00. திறந்தது 7.05. ஐந்து நிமிடத் தாமதத்துக்கு நானே காரணம்.

வருகிற பெண்கள் நான்கு பேர்தான். ஐந்தாமவர் எங்கே என்று கேட்டேன். "அவங்களுக்கு ஊட்டு வேலைங்க, லேட்டாத்தான் வருவாங்க" என்றார்கள். நான் வெளிச்சம் இருக்கும்போதே ஐந்தரைக்குக் கிளம்பிவிடுகிறேன். அவர் நான் போன பிறகுதான் வருகிறாராம். ஒப்பந்தப்படி துணி இழுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மயிலாத்தாளுக்கு இருமல் வந்துவிட்டது.

டிசம்பர் 9

காலையில் பாத்தியின் வடகிழக்கு மூலையில் மூங்கில் மூன்று முறிந்து கிடந்தது. பதினொரு செடி போயிற்று. ஈர மண்ணில் டயர் தடம். யார் என்று மயிலாத்தாளிடம் விசாரித்தேன்.

"பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை முறுக்கிப்புட்டாங்க. அடுத்த தடவை முறுக்க மாட்டாங்க."

பெயர் கேட்டேன். நன்றாக இருட்டிவிட்டதால் முகம் தெரியவில்லை என்றாள். அவ்வளவு பெரிய விளக்குக்கு அடியில்.

வீட்டில் தனபாக்கியத்தின் முழங்கையில் பெரிய கட்டு. கோயில் படியில் வழுக்கிவிட்டதாம். இதை இப்படியே விடக் கூடாது. படியைச் செப்பனிடுமாறு கோயில் நிர்வாகத்துக்கு விரிவாக ஒரு மனு எழுதி அனுப்பினேன்.

டிசம்பர் 14

மொட்டு!

மயிலாத்தாள் கூப்பிட்டுக் காட்டினாள். கடுகளவு இருக்கிறது என்றாள். என் விரலைப் பிடித்து நுனியில் வைத்தாள். ஆமாம், கடுகளவு. பத்துப் பதினைந்து செடிகளை விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. மொட்டை விரலால் பார்ப்பதுதான் சரியான முறை.

டிசம்பர் 22

கோயில் நிர்வாகத்திடமிருந்து பதில். "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. இத்திருக்கோயிலில் படிகள் எதுவும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

கடிதத்தைக் கோப்பில் வைத்தேன்.

டிசம்பர் 23

மார்கழியில் தினமும் கோயிலுக்குப் போகிறவள் வீட்டில் மீன் குழம்பு. நன்றாக இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 3

புது டைரி. இதிலும் கோடுகள் மங்கல்தான்.

தனபாக்கியம் இன்று நேராகவே கேட்டாள். "கண்ணு ஆஸ்பத்திரிக்கு எப்ப போறமுங்க?"

ஆஸ்பத்திரி முப்பது கிலோமீட்டர். காலை ஆறுக்கு அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். என் மொபெட்டில் போக வெளிச்சம் போதாது. இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போறதுக்கு ஆள் இருந்தா வருவீங்களா?"

இருந்தால் பார்க்கலாம் என்றேன். ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

உண்மையான காரணத்தை இங்கே எழுதத் தேவையில்லை. என் அண்ணனுக்கு இதே மாதிரி கண்புரை எடுக்கப் போய் ஒரு கண் போயிற்று. நாற்பது வருடத்துக்கு முன்னால். எழுதிவிட்டேன்.

ஜனவரி 12

மொட்டுகள் நிறம் காட்டத் தொடங்கிவிட்டனவாம். இனி இருட்டு தேவையில்லை. துணியை மடித்து, மூங்கில் குச்சிகளோடு கொட்டகையில் அடுக்கினோம்.

பட்டை பட்டையாக இருக்கிறதா என்று மயிலாத்தாளிடம் கேட்டேன். மஞ்சள், வெள்ளை, அரக்கு?

கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு, "ரொம்ப அழகா இருக்குதுங்கய்யா" என்றாள்.

ஜனவரி 18

இரண்டு நாளில் ஒரு அமைச்சர் நம் ஊருக்கு வருகிறாராம். அதற்காகப் போலீசார் ஊர் முழுக்கச் சோதனை போடுகிறார்கள். மாலை நாலரைக்குப் பூங்காக் கொட்டகையைத் திறந்து பார்த்தார்கள். எண்பது மீட்டர் கறுப்புத் துணி. பக்கத்தில் நாற்பது குச்சி.

என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் விசாரித்தார்.

"எத்தனை பேர்?"

"ஐந்து பெண்கள். ஆனால் ஒருவர் சரியாக வருவதில்லை."

"எத்தனை நாளா நடக்குது?"

"நவம்பர் இருபதிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "யாரை எதிர்த்து?"

"விளக்கை எதிர்த்து" என்றேன். கேள்விக்கு அதுதான் சரியான பதில். உயர்கோபுர விளக்கை நட்டது யார் என்று கேட்டார். அதே அமைச்சர்தான் திறந்துவைத்தார் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

செவ்வந்தி இரவை எண்ணுவதை அவருக்கு முதலிலிருந்து விளக்கினேன். பெட்டூனியாவுக்கு வரும்போது போதும் என்றார். ஆணையர் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அவர் கூட்டத்தில் இருந்தார். பேசி முடிக்க ஏழு மணி ஆகிவிட்டது. துணி அமைச்சர் போகும் வரை நிலையத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். இப்போது தேவைப்படாது, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

"சார், அது மேசை" என்றார் உதவி ஆய்வாளர்.

அதற்குப் பிறகு அவர் குரல் மாறிவிட்டது. தண்ணீர் கொடுத்தார். "வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்றார். நடந்து என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே முழு இருட்டு.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நேராக வந்து, சரியாகப் பிரேக் பிடித்து நின்றது. இறங்கி வந்தது தனபாக்கியம். தலையில் ஹெல்மெட். மயிலாத்தாள் போன் செய்திருக்கிறாள்.

"ஏனுங்க, போலாமா?" என்றாள்.

பின்னால் உட்கார்ந்தேன். எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. "என்ர தோளைப் புடிச்சுக்கங்க" என்றாள். கடைவீதி, பாலம், பெட்ரோல் பங்க் எல்லாம் வளையம் வளையமாகப் போயின. ஒரு இடத்தில்கூடக் குலுக்கவில்லை. பாலத்தில் சொன்னாள்:

"இருபத்தேழாந்தேதிக்கு ஆஸ்பத்திரியில பேர் குடுத்திருக்கறேன். காத்தால நாலரைக்குக் கெளம்போணும். கூட்டிட்டுப் போறதுக்கு ஆள் இருந்தா வர்றேன்னு சொல்லியிருக்கறீங்க."

"பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். முகத்துக்கு நேராக என்றால் சொல்லியிருக்க மாட்டேன். முதுகிடம் சொல்வது சுலபம். அவள் வேகத்தைக் குறைத்தாள்.

பதினொரு செடியைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

ஜனவரி 26

கொடியேற்றம் 8.30. பாத்தி முழுக்கப் பூத்துவிட்டது. மஞ்சளும் வெள்ளையும் கலங்கிய வெளிச்சமாக எனக்கும் தெரிந்தது. வாசனையில் குறையில்லை. ஆணையர் அம்மா பாத்தியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"சென்னியப்பன், இந்த டிசைன் ரொம்ப வித்தியாசமா இருக்கு" என்றார்.

நன்றி சொன்னேன்.

ஜனவரி 27

காலை 4.30. தனபாக்கியம் ஹெல்மெட்டோடு நிற்கிறாள். மீதியைத் திரும்பி வந்து எழுதுகிறேன். எழுத முடிந்தால்.

பிப்ரவரி 6

இந்த டைரியின் கோடுகள் நல்ல நீலம். மிகவும் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். உரக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். ரஹமத்துல்லாவிடமும் கேட்க வேண்டும்.

பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஜனவரி 18 அன்று எழுதியது ஒரு வரியின் மேல் இன்னொரு வரியாக ஏறிக் கிடக்கிறது. ஞாபகம் இருப்பதால் படிக்க முடிந்தது.

வலது கண் முடிந்தது. இடது கண் அடுத்த மாதம். 31ஆம் தேதி பிரிவு விழாவில் கறுப்புக் கண்ணாடியோடு மாலை வாங்கினேன். தூசியில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பூங்காவுக்கு இன்றுதான் போக முடிந்தது. தனபாக்கியம் இறக்கிவிட்டாள்.

பாத்தியைப் பார்த்தேன்.

மூன்று பட்டை கிடையாது. ஒரு பட்டைகூடக் கிடையாது. வெள்ளைக்கு நடுவில் மஞ்சள், மஞ்சளுக்கு நடுவில் அரக்கு, அரக்கு இருக்க வேண்டிய இடத்தில் பாதி வெள்ளை. சோற்றையும் பருப்பையும் பிசைந்து வைத்தது போல இருக்கிறது. ஆகஸ்டில் எந்த அட்டையில் என்ன எழுதியிருந்ததோ, நான் எதைப் படித்தேனோ. பத்து நாளாக ஊரே வந்து இதைப் பார்த்திருக்கிறது. கொடியேற்றத்துக்கு வந்தவர்கள், ஆணையர் அம்மா, பிரிவு விழாவில் பாத்தியைப் புகழ்ந்து பேசிய ஏழு பேர். ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மயிலாத்தாள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நெறம் காட்டுன அன்னிக்கே தெரியுமுங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா மொதல்ல இருந்து புடுங்கி நட்டிருப்பீங்க" என்றாள். "அப்புறம் உங்களுக்குத் தெரியாத வரைக்கும் அது பட்டையாத்தானுங்களே இருந்துச்சு. தெரியற அன்னிக்குப் பாத்துக்கட்டும்னு எல்லாரும் உட்டுட்டோம்."

எல்லாரும் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டியிருக்கும்; பக்கத்தில் இடம் இல்லை. பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். முந்நூற்று எண்பத்தொன்பது செடி. வடகிழக்கு மூலையில் பதினொன்று காலி. அங்கே மூன்று மூங்கிலை யாரோ ஒழுங்காக நட்டுக் கட்டியிருக்கிறார்கள். முடிச்சைப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் இருக்கிற அதே முடிச்சு.

அழுகை வந்தது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிறுத்திக்கொண்டேன்.

ஆறேகாலுக்கு விளக்கு எரிந்தது. சுற்றி வளையம் இல்லை. அதன் அடியில் நடைபாதையில் வண்டி பழகிக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். ஐந்தாமவர் என்னை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.